12 நாள் விருந்தாளி

எக்ஸாம் முடிஞ்சு ஹாஸ்டல்ல பெட்டி கட்டுற சீசன் இது. சிலருக்கு இன்டர்ன்ஷிப், சிலருக்கு பைக் டிரிப், பல பேருக்கு மத்தியானம் வரைக்கும் தூக்கம். இதுக்கு நடுவுல ஒரு கோஷ்டி இருக்கு. லீவை அப்படியே கடவுள் காரியத்துக்குன்னு எழுதி வெச்சிட்டு, வெளிநாட்டுக்கு ‘மிஷன் டிரிப்’ கிளம்புற சர்ச் கோஷ்டி. இந்த வாரம் அவங்களைப் பத்திதான்.

ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தான். எஞ்சினீயரிங் செகண்ட் இயர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், படிக்கிறது சென்னையில. கையில ஒரு கவர். பிரிச்சா, கலர் பிரின்ட்ல இமயமலை. அதுக்குக் கீழ, ‘நேபாள சம்மர் மிஷன். ஜெபத்தாலும் பொருளாலும் தாங்குங்கள்’னு கொட்டை எழுத்து.

“சபை வாலிபர் ஐக்கியத்துல இருந்து 14 பேர் போறோம்ணே. ஜூன் கடைசியில 12 நாள். தலைக்கு 24,000 ரூபா. எனக்கு ரொம்ப நாளாவே நேபாள் மேல ஒரு பாரம்ணே.”

சர்ச் பக்கம் போகாதவங்களுக்கு ஒரு நோட்ஸ்: இந்த ‘பாரம்’ தலையில தூக்குற பாரம் இல்லை. ஒரு ஊரையோ ஜனத்தையோ நினைச்சு மனசு கனத்துக் கிடக்குறது. பொய்யா வர்ற விஷயமில்லை. அவன் முகத்துலயே தெரிஞ்சுது.

“24,000-க்கு என்னடா பண்ணப்போற?”

“6,000 சேர்த்துட்டேன். மிச்சத்துக்கு அம்மா காதுல கிடக்க கம்மலை அடகு வைக்கேன்னுட்டாங்க.”

கம்மல்னு சொல்லாம இருந்திருந்தா, கையில இருந்ததைக் கொடுத்து, ‘நல்லபடியா போயிட்டு வா’ன்னு அனுப்பியிருப்பேன். கம்மல்னு கேட்டதும், “புரோகிராமைக் கொஞ்சம் காட்டு”ன்னேன்.

ரயில்ல கோரக்பூர், அங்கிருந்து சோனௌலி எல்லை, அப்புறம் பஸ். போக மூணு நாள், வர மூணு நாள். போக்ராவைச் சுத்திப் பார்க்க ஒரு நாள். கிராமத்துல அஞ்சே நாள். அந்த அஞ்சு நாள்ல சின்னப் பசங்களுக்கு பொம்மலாட்டம், ஆக்‌ஷன் சாங், சபைச் சுவருக்கு பெயின்ட் அடிக்கிறது, ஞாயிறு ஆராதனையில சாட்சி சொல்றது.

“தம்பி, நேபாளத்துல சபைங்க பெரும்பாலும் கூடுறது சனிக்கிழமை. நீ ஞாயித்துக்கிழமை போய் நின்னா, நாற்காலிக்குத்தான் சாட்சி சொல்லணும். அந்த ஊர் ஆளுங்ககிட்ட யாராவது பேசினீங்களா?”

கொஞ்ச நேரம் யோசிச்சான். “லீடர் பேசியிருப்பார்ணே.”

அந்த ‘பேசியிருப்பார்’தான் ஃப்ரெண்ட்ஸ், இந்த வாரத்து மேட்டர்.

ஒரு காலத்துல மிஷனரின்னா பெரும்பாலும் ரிட்டர்ன் டிக்கெட் இல்லாத பயணம். சீகன்பால்கு 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில வந்து இறங்கினப்போ வயசு 23. உங்க காலேஜ் சீனியர் வயசு. வந்ததும் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பசங்களோட உட்கார்ந்து மணல்ல ‘அ, ஆ’ எழுதிப் பழகினார். புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல மொழிபெயர்த்து அச்சடிச்சு முடிச்சது 1715-ல. 1719-ல தரங்கம்பாடியிலேயே இறந்தார். அங்கேதான் அடக்கம்.

அப்புறம் ரோடு வந்துச்சு, விமானம் வந்துச்சு, டிக்கெட் விலை இறங்குச்சு. மிஷன் டிரிப் இன்னைக்கு இருக்கிற உருவத்துக்கு வந்ததுல காலேஜ் பசங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1957 கோடை லீவுல ஜார்ஜ் வெர்வர்ங்கிற அமெரிக்க மாணவர் ரெண்டு ஃப்ரெண்ட்ஸோட லாரியில புத்தகங்களை ஏத்திக்கிட்டு மெக்ஸிகோ போனார். ‘ஆபரேஷன் மொபிலைசேஷன்’ங்கிற பெரிய அமைப்பு அதுல இருந்து முளைச்சதுதான். 1960-ல லோரன் கன்னிங்ஹாம் ‘யூத் வித் எ மிஷன்’ ஆரம்பிச்சார். அப்புறம் அமெரிக்காவுல பல சர்ச்சுகளுக்கு சம்மர் வந்தாலே ஒரு டீம் கிளம்பணும்னு ஆயிடுச்சு. ஒரே கலர் டி-ஷர்ட், சொந்தக்காரங்களுக்கு லெட்டர் போட்டு வசூல், கார் கழுவி வசூல், ரெண்டு வாரம் ஊழியம், ஊர் திரும்பி போட்டோ ஷோ. நம்ம தம்பி கையில இருந்த கவருக்கும் தாத்தா அந்த லெட்டர்தான்.

இதுக்கு எதிர்ப்பும் அப்பவே வந்துச்சு. மெக்ஸிகோவுல வேலை செஞ்ச இவான் இல்லிச்ங்கிற கத்தோலிக்கப் பாதிரியார், 1968 ஏப்ரல்ல, லீவுக்கு மெக்ஸிகோ கிராமங்களுக்குச் சேவை செய்யக் கிளம்பின அமெரிக்க மாணவர்கள் முன்னாடியே நின்னு போட்டுத் தாக்கினார். அவங்க மொழி உங்களுக்குத் தெரியாது, நீங்க செய்றது தப்புன்னு உங்ககிட்ட சொல்லக்கூட அவங்களால முடியாதுங்கிறதுதான் சாரம். ஊரைப் பார்க்க, படிக்க வரலாம், உதவி பண்ற நினைப்புல மட்டும் வர வேண்டாம்னு முடிச்சார். சேவை பண்ண வந்த பசங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

“அதெல்லாம் சும்மா பேச்சுண்ணே. வீடு கட்டிக் கொடுத்தா நல்லதுதானே?”ன்னான் தம்பி. நியாயமான கேள்வி. அதுக்குப் பதிலும் இருக்கு.

1998 அக்டோபர் கடைசியில ‘மிட்ச்’ புயல் மத்திய அமெரிக்காவைப் புரட்டிப் போட்டுச்சு. 10,000 பேருக்கும் மேல செத்துப்போனாங்க. ஹோண்டுராஸ் நாட்டுல வீடு இழந்தவங்களுக்கு வீடு கட்ட வட அமெரிக்க சர்ச் குழுக்கள் வரிசையா வந்து இறங்கினாங்க. அதே மாதிரி வீடுகளை உள்ளூர் ஆட்களும் கட்டினாங்க. அந்த நாட்டுலயே பல வருஷம் வாழ்ந்த கர்ட் வெர் பீக்ங்கிற சமூகவியல் பேராசிரியர், ரெண்டு பக்கமும் போய் விசாரிச்சு 2006-ல ஒரு ஆய்வு வெளியிட்டார். அவரும் கிறிஸ்தவர்தான். குறை சொல்லணும்னு கிளம்பினவர் இல்லை.

உள்ளூர்ல ஒரு வீடு கட்ட ஆன செலவு சுமார் 2,000 டாலர். வெளிநாட்டுக் குழு ஒண்ணு வந்துபோக, விமானக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆன செலவு சராசரியா 30,000 டாலர்.

இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள தம்பி விரல் விட்டுட்டான். “15 வீடுண்ணே.”

இன்னொரு விஷயமும் அவர் பார்த்தார். வெளிநாட்டுக்காரங்க கட்டின வீட்டுல குடியேறின குடும்பத்துக்கும், உள்ளூர் ஆள் கட்டின வீட்டுல குடியேறின குடும்பத்துக்கும் வாழ்க்கையில பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. சரி, போனவங்களாவது மாறினாங்களா? ‘என் வாழ்க்கையே மாறிடுச்சு’ன்னு ஊர் திரும்பினவங்க சொன்னாங்க. ஆனா கொஞ்ச காலம் கழிச்சு அவங்க கொடுக்கிற காணிக்கை, பண்ற ஜெபம், வெச்சிருக்கிற தொடர்பு இதையெல்லாம் பார்த்தா, பெரும்பாலானவங்ககிட்ட பெருசா மாற்றம் இல்லை.

உடனே ‘அப்ப டிரிப்பையே நிறுத்திட்டு பணத்தை அனுப்பிடலாமே’ன்னு தோணும். அவ்வளவு ஈஸி இல்லை. நம்ம பையன் போறான்னாத்தான் சித்தப்பா பர்ஸைத் திறப்பார். பேர் தெரியாத ஊர்ல யாருக்கோ வீடுன்னா, ‘அடுத்த மாசம் பார்க்கலாம்’பார். டிரிப் இல்லைன்னா அந்த 30,000 டாலர் ஹோண்டுராஸுக்குப் போயிருக்கும்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது. நேர்ல ஒருத்தர் வந்து திண்ணையில உட்கார்ந்து பேசுறதுக்குன்னு ஒரு மதிப்பும் இருக்கத்தான் செய்யுது. ஆனா, ‘அவங்களுக்காகப் போறேன்’னு சொல்லி வசூல் பண்ணிட்டு, முழுக்க ‘எனக்காக’ பிளான் போட்டா கணக்கு உதைக்குது. அதை ஒத்துக்கிட்டாலே பாதி நேர்மை வந்துடும்.

சரி, பணம் போனா போகுது. மனுஷங்க மாட்டிக்கிற இடமும் இருக்கு.

ஒண்ணு, குழந்தைங்க. 2010 ஜனவரி 12-ல ஹைட்டியில பூகம்பம். அதே மாசம் 29-ஆம் தேதி, 33 பிள்ளைங்களை பஸ்ல ஏத்திக்கிட்டுப் பக்கத்து நாடான டொமினிகன் குடியரசுக்குக் கூட்டிப்போகப் பார்த்த 10 அமெரிக்கர்களை எல்லையில பிடிச்சாங்க. பெரும்பாலும் ஐடஹோ மாநிலத்து சர்ச்சுகளைச் சேர்ந்தவங்க. அநாதைப் பிள்ளைங்க, காப்பாத்தக் கூட்டிட்டுப் போறோம்னாங்க. கையில உரிய பேப்பர் இல்லை. விசாரிச்சா, அந்தப் பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருந்தாங்க. நல்ல எண்ணம் இருந்தா போதும், மத்ததெல்லாம் தானா நடக்கும்னு நினைச்சதோட விலை அது. நேபாளத்துலயும் ‘அநாதை இல்லம்’னு போர்டு மாட்டின இடங்கள்ல பெற்றோர் உள்ள பிள்ளைங்க நிறைய இருக்காங்க. பார்க்க வர்ற வெளிநாட்டு டீம் கொடுக்கிற காசுதான் சில இடங்கள்ல அந்தத் தொழிலையே ஓட்டுது.

ரெண்டு, சட்டம். நேபாளத்தோட 2015 அரசியல் சட்டம் மத்தவங்களை மதம் மாத்துறதைத் தடை பண்ணுது. 2018 ஆகஸ்டுல அமலுக்கு வந்த குற்றவியல் சட்டப்படி 5 வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000 ரூபாய் வரைக்கும் அபராதம். வெளிநாட்டுக்காரரா இருந்தா, தண்டனை முடிஞ்சதும் நாடு கடத்துவாங்க. இந்தியர்களுக்கு அங்க விசா வேண்டாம்தான், ஆனா சட்டத்துக்கு முன்னாடி நாமளும் வெளிநாட்டுக்காரங்கதான். நம்ம ஊர்லயும் டூரிஸ்ட் விசாவுல வந்து மதப் பிரசாரம் பண்ணக்கூடாது, அதுக்குத் தனி விசா. அந்தச் சட்டம் சரியா தப்பான்னு ராத்திரி முழுக்க ரூம்ல விவாதம் பண்ணலாம். ஆனா நீங்க தெரு முனையில ஆக்‌ஷன் சாங் போட்டு, வீடியோவை இன்ஸ்டாகிராம்ல ஏத்திட்டு, ரயில் ஏறிடுவீங்க. மறுநாள் போலீஸ் கதவைத் தட்டுறது அந்த ஊர் போதகர் வீட்டை. அவருக்குப் பிள்ளைகுட்டி இருக்கு, ரிட்டர்ன் டிக்கெட் இல்லை.

இவ்வளவும் கேட்டதும் தம்பி முகம் சுண்டிப்போச்சு. “அப்ப போகவே கூடாதாண்ணே?”

அவன் ஊர்ப் பக்கத்துக்காரர் ஒருத்தர் கதையைச் சொன்னேன். வெள்ளாளன்விளையில 1874-ல பிறந்த அசரியா. ஒய்.எம்.சி.ஏ. செயலாளரா இருந்தப்போ, 1902-ல யாழ்ப்பாணம் போனார். அதுவும் ஒரு குட்டி வெளிநாட்டு டிரிப்தான். அங்க இருந்த தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தங்களுக்குன்னு ஒரு மிஷன் சங்கம் வெச்சு, கடலைத் தாண்டி நம்ம ராமநாதபுரம் சீமைத் தொண்டிக்கு ஆள் அனுப்பி வேலை செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. நம்ம வாசலைப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கூட்டுறார்னா நமக்கு எப்படி இருக்கும்? அசரியாவுக்கு அப்படி இருந்துச்சு. திரும்பி வந்து, அடுத்த வருஷமே, 1903-ல, பாளையங்கோட்டையில திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தை மத்தவங்களோட சேர்ந்து தொடங்கினார். வெளிநாட்டுப் பணம் இல்லாம, நம்ம ஆட்களே கொடுத்து, நம்ம ஆட்களே போற சங்கம். தெலுங்கு கத்துக்கிட்டு, 1909-ல அவரே தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912-ல ஆங்கிலிக்கன் சபையோட முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

யாழ்ப்பாணத்துக்கு அவர் போனதால யாழ்ப்பாணம் மாறல. அவர் மாறினார், அந்த மாற்றம் ஊர் திரும்பினப்புறமும் நின்னுச்சு. நல்ல டிரிப்புக்கு இதைவிட வேற அடையாளம் எனக்குத் தெரியல.

1910-ல எடின்பரோவுல நடந்த உலக மிஷனெரி மாநாட்டுல, வெள்ளைக்காரங்க நிறைஞ்ச சபையில, அவர் கேட்டதும் இதை ஒட்டினதுதான். நீங்க பெரிய தியாகமெல்லாம் பண்றீங்க, அதுக்கு நன்றி. ஆனா எங்களுக்கு வேண்டியது நண்பர்கள்ங்கிற அர்த்தத்துல பேசினார். பல பேருக்கு மூஞ்சி சிவந்துச்சு.

அதனால, கிளம்புற ஃப்ரெண்ட்ஸ், டி-ஷர்ட் ஆர்டர் கொடுக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்க.

• யார் கூப்பிட்டாங்க? அந்த ஊர் ஆளோட நம்பர் உங்ககிட்ட இருக்கா? அவர் ‘வேண்டாம்’னு சொல்லக்கூடிய அளவுக்குப் பழக்கம் இருக்கா?

• நீங்க பண்ணப்போற வேலையைப் பண்ண அங்கயே ஆள் இருக்காங்களா? பெயின்டர் இருக்கிற ஊர்ல நீங்க சுவர் அடிச்சா, அன்னைக்கு அவர் கூலி போச்சு.

• உங்களைச் சமைச்சுப் போட்டுக் கவனிக்க எத்தனை பேர் வேலையை விடணும்?

• மொத்த வசூல்ல எவ்வளவு டிக்கெட்டுக்கு, எவ்வளவு அந்த ஊருக்கு? பணம் கொடுக்கிறவங்களுக்கு அதை அப்படியே எழுதிக் காட்டத் தைரியம் இருக்கா?

• உங்க தங்கச்சியை யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் மடியில தூக்கி வெச்சு போட்டோ எடுத்து, ‘பாவம்’னு எழுதிப் போட்டா சும்மா இருப்பீங்களா? அப்ப அந்த ஊர்ப் பிள்ளை போட்டோ எதுக்கு?

• திரும்பி வந்த ஆறாவது மாசம் என்ன பண்ணுவீங்க?

சர்ச் பசங்களுக்கு மட்டும்னு நினைச்சு மத்தவங்க பக்கத்தைப் புரட்டாதீங்க. ஏழு நாள் என்.எஸ்.எஸ். கேம்ப் போய், போன வருஷ பேட்ச் தோண்டின அதே குழியில மரக்கன்னு நட்டுட்டு வந்தவங்க நம்மள்ல எத்தனை பேர்? அந்தக் கன்னுக்கு யார் தண்ணி ஊத்துவாங்கன்னு ஊர்க்காரங்ககிட்ட கேட்டோமா?

தம்பி இந்தக் கேள்வியெல்லாம் கொண்டுபோய் வாலிபர் ஐக்கியத்துல போட்டான். நல்ல வாக்குவாதமாம். ‘விசுவாசமில்லாத பேச்சு’ன்னு ஒருத்தர் எழுந்து போயிட்டாராம். கடைசியில, ஹிந்தி தெரிஞ்ச ஒரு அண்ணனை வெச்சு அந்த ஊர் சபைக்கு போன் போட்டிருக்காங்க. அந்தப் பக்கம் ஒரு பெரியவர் பேசியிருக்கார். வாங்கன்னுதான் சொன்னார். ஆனா ஜூன் கடைசி அங்க அசார் மாசம், நாற்று நடுற நேரம், ஊரே வயல்ல நிக்கும். 14 பேர் வந்தா சமைக்க ஆள் இல்லை. நாலு பேர்னா சந்தோஷம், பொம்மை எதுவும் வேண்டாம், வயல்ல இறங்கத் தெரியுமான்னு கேட்டாராம். தாமிரபரணித் தண்ணியில வளர்ந்த பசங்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி!

நாலு பேர் போறாங்க. நம்ம தம்பி அதுல இல்லை. சீட்டுக் குலுக்கினதுல பேர் வரல. அம்மா கம்மல் காதுலயே கிடக்கு. சேர்த்த 6,000-த்தைப் போறவங்க செலவுக்குக் கொடுத்துட்டான். கொஞ்சம் வருத்தம்தான், இல்லைன்னு சொல்லமாட்டேன்.

போன வாரம் ராத்திரி பத்தரைக்கு அவன்கிட்ட இருந்து போன். “அண்ணே, எங்க ஹாஸ்டல் தெருவுல விசில் ஊதிக்கிட்டுப் போவாரே கூர்க்கா, அவர் நேபாளம்ணே. அச்சாம்னு ஒரு மாவட்டமாம். ரெண்டு வருஷமா தினமும் பார்க்கேன், பேரு கேட்டதில்லண்ணே. இன்னைக்குத்தான் கேட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“டீ வாங்கித் தந்தார்ணே. அவர் மகன் பத்தாவது படிக்கானாம், கணக்கு வரலையாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீடியோ கால்ல சொல்லித் தர்றேன்னு சொல்லியிருக்கேன். பையனுக்கு இங்கிலீஷ் அரைகுறை, எனக்கு நேபாளி சுத்தமா வராது. எப்படிப் போகுதுன்னு பார்ப்போம்.”

போனை வெச்சப்புறம் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்க தெருவுக்கும் ஒரு கூர்க்கா மாசா மாசம் வர்றார். நானும் காசு கொடுத்துக் கதவைச் சாத்தினதோட சரி. அடுத்த ஒண்ணாம் தேதி கேட்கணும்.

லீவை நல்லா கொண்டாடுங்க. அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!